ஊத்தா விழுந்த இடமெல்லாம்

வேம்பணி அரசு மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், மழை கண்டு ஏழு மாதமாகியிருந்த ஒரு வியாழக்கிழமை நாலாவது பீரியடில், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு அழகுநாச்சி காய்ந்து வெடித்த தரையில் ஊத்தாவைக் குத்தி உள்ளே கைவிட்டபோது, ஒரு கெளுத்தி அவள் சுண்டுவிரலில் முள்ளை ஏற்றியது. அவள் கையை உதறியதில் மீன் வெளியே வந்து விழுந்தது. மீசை இருந்தது, செவுள் அசைந்தது, விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மண் நனைந்தது. அறிவியல் ஆசிரியை பூரணவல்லி குனிந்து பார்த்துவிட்டு, "கெளுத்தி முள்ளு கடுக்கும். போய் மஞ்சள் வச்சுக் கட்டிக்க," என்றாள். பிறகு மற்ற இருபத்தாறு பேரையும் பார்த்து, "என்ன வேடிக்கை? வரிசை கலையாமக் குத்துங்க," என்றாள்.

மணி அடிப்பதற்குள் இரண்டு வாளி நிறைந்துவிட்டது. கெளுத்தி, குறவை, கெண்டை, அடியில் அயிரை. சத்துணவு சமைக்கும் சோலைமணி அக்கா வந்து வாளியைச் சாய்த்துப் பார்த்தாள்.

"முட்டை போடுற நாள்ல மீன் போடலாம்னு சர்க்குலர்ல இருக்கா டீச்சர்?"

"போடக்கூடாதுன்னும் இல்லையே அக்கா."

"அப்பப் புளி மட்டும் யாரையாவது வாங்கியாரச் சொல்லுங்க."

ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் முடைந்த கூடை, அடியும் தலையும் திறந்தது, கண்மாய் வற்றிக் கலங்கும் சித்திரையில் ஊரே இறங்கி அதைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு அகப்பட்ட மீனை எடுக்கும். பெரிய கண்மாயில் தண்ணீர் நிற்பது நின்று பதினோரு வருடமாகிவிட்டதால் வேம்பணி வீடுகளில் அது கோழிக்குஞ்சுகளின்மேல் கவிழ்த்து வைக்கப் பயன்பட்டது. அந்த வியாழக்கிழமை காலையில்தான் பிள்ளைகள் குஞ்சுகளைத் திறந்துவிட்டு, எச்சத்தைக் கழுவி, ஆளுக்கொன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கு வந்திருந்தார்கள்.

அவர்களை வரச் சொன்னது கல்வித்துறை. 'மரபும் பசுமையும்' என்ற திட்டத்தின் கீழ் ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் பண்பாட்டு மரபு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாக மாணவர்கள் நீர்நிலைகளையும் உயிரினங்களையும் நேசிக்கக் கற்பிக்க வேண்டும் என்று பளபளப்பான தாளில் சுற்றறிக்கை வந்தது. அதே தபால் உறையில் இன்னொரு தாளும் இருந்தது. நூற்றெண்பது ஏக்கர் கண்மாயில் வீடாகவும் அலுவலகமாகவும் கடையாகவும் ஆனது போக மிஞ்சியிருந்த பன்னிரண்டு ஏக்கர் பள்ளத்தை மேடாக்கி அதில் புதிய பேருந்து நிலையம் அமைக்க அடிக்கல் நாட்டப்படும் என்றும், அதற்குப் பள்ளி தன் மைதானத்தையும் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சியையும் தந்து சிறப்பிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. பூரணவல்லி இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முதலில் இதையும் பிறகு அதையும், பிறகு மறுபடி இதையும் படித்தாள். தலைமையாசிரியர், "எதுக்கு டீச்சர் ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறீங்க? தனித்தனி ஃபைல்," என்றார்.

மரபு எது என்று தீர்மானிக்கப் பெற்றோர் கூட்டம் போட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மீன்பிடித் திருவிழாதான் என்பதில் சண்டையில்லை, அதற்கு எத்தனை விதி என்பதில்தான் சண்டை. சாயங்காலம்வரை கத்தி மூன்று விதிகளில் வந்து நின்றார்கள். கரையிலிருந்து வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர் கால்கூடத் தண்ணீரில் படக்கூடாது. குஞ்சுகளோடு திரியும் விரால் அகப்பட்டால் விட்டுவிட வேண்டும். துண்டு வீசுகிறவர் அன்று கால் நனைக்கக் கூடாது, அவர் வீட்டு அடுப்பில் மீன் ஏறக்கூடாது.

"அது என்ன, வீசுறவருக்கு மட்டும் தண்டனை?" என்று பூரணவல்லி கேட்டாள்.

"அவருக்கும் மீன் உண்டுன்னா, நல்ல பள்ளமாப் பார்த்துத் தன் மச்சினனை நிறுத்திட்டுல்ல டீச்சர் துண்டை வீசுவாரு," என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. சேதுராசு மட்டும் சிரிக்கவில்லை. அவர் குடும்பம்தான் தலைமுறையாகக் கரையில் நின்று துண்டு வீசிய குடும்பம், இப்போது கல்யாண மண்டபமும் ஒப்பந்த வேலையும், வரப்போகிற பேருந்து நிலைய ஒப்பந்தமும் அவருடையதுதான். பள்ளிக்கு வந்து துண்டு வீச அவருக்கு நேரமில்லை என்றார். அதனால் தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று தன் வெள்ளைக் கைக்குட்டையை வீச, அந்த முதல் வியாழக்கிழமை நடந்தது.

அதன் பிறகு வேம்பணிக்கு மீன் பழகிப்போனது. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் பெண்கள் ஊத்தாவோடு வாசலில் காத்திருப்பார்கள், தலைமையாசிரியர் வராந்தாவுக்கு வந்து கைக்குட்டையை வீசுவார், அவர்கள் மைதானத்தில் இறங்கிக் குழம்புக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காக மூன்று மணி நேரம் நின்ற ஒருத்தி, நின்ற சலிப்பில் கையிலிருந்த ஊத்தாவைப் பதிவறைத் தரையில் குத்தியபோது அங்கேயும் ஒரு குறவை வந்தது. பெட்ரோல் பங்கில் வந்தது. வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் வந்தது. சேதுராசுவின் மண்டபத்தில் பந்திக் கூடத்திலேயே விரால் வந்ததால் அசைவக் கல்யாணக்காரர்கள் அந்த மண்டபத்தையே கேட்டார்கள், சைவக் கல்யாணக்காரர்கள் ஊத்தாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிவறை மீனில் பழைய காகித வாடை அடிக்கிறது என்றும், பங்க் மீனை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும் என்றும், பள்ளிக்கூடத்து மீன்தான் ருசி என்றும் பேச்சு வந்தது. தரைக்குள் மீன் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கேதான் போயிருக்கும் என்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் தினமும் துண்டு வீசியவராகிவிட்டதால் அந்த மாதம் முழுக்க ரசம் சாப்பிட்டார்.

சுற்றறிக்கையோடு வந்த செயல்பாட்டுத் தாளில் ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: 'உங்கள் மரபு உங்கள் ஊரில் எங்கெல்லாம் காணப்படுகிறது? வரைபடத்தில் குறிக்கவும்.' பூரணவல்லி ஊர் வரைபடத்தைச் சார்ட் தாளில் பெரிதாக வரைந்து கொடுத்தாள். பிள்ளைகள் மீன் வந்த இடத்தில் நீலப் புள்ளியும் வராத இடத்தில் சிவப்புப் புள்ளியும் வைத்தார்கள். மூன்று வாரம் அவர்கள் ஊத்தாவோடு தெருத் தெருவாகப் போனார்கள், குத்தினார்கள், திரும்பி வந்து புள்ளி வைத்தார்கள். மேற்கே அய்யனார் கோயில் மருத மரங்களைத் தாண்டினால் எல்லாம் சிவப்பு. தெற்கே பழைய மடைக்கு அப்பால் சிவப்பு. நடுவில் பள்ளியும் அலுவலகமும் பங்கும் மண்டபமும் மூன்று நகர்களும் நீலமாகக் கிடந்தன. அழகுநாச்சி நீலத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு கண்மாயின் வடிவத்தில் இருந்தது, கிழக்கே கொம்புபோல ஒரு வளைவோடு.

அந்த நீலத்துக்குள் ரோஜா நகர் மூன்றாவது தெருவில் மட்டும் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

"டீச்சர், உங்க வீட்ல மட்டும் புள்ளி வைக்கலையே," என்றாள் அழகுநாச்சி.

"நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்."

அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். பத்து நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் முத்தழகு பஸ் டிப்போ வேலைக்குப் போன பிறகு, சமையலறையில் அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே ஊத்தாவைக் குத்திப் பார்த்திருந்தாள். கைக்கு முழங்கை நீளத்தில் ஒரு விரால் தட்டுப்பட்டது. அதைச் சுற்றிக் குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோலச் செங்குஞ்சுகள். இரண்டாவது விதிப்படி அவள் விட்டுவிட்டாள். ஊத்தாவைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். ஒன்பது வருடம் இரண்டு பேர் சம்பளத்தில் கட்டிய வீடு அது. பட்டா இருந்தது, வரி ரசீது இருந்தது, பத்திரத்தில் 'கண்மாய்' என்ற சொல் எங்கேயும் இல்லை. புள்ளி வைக்காமல் இருந்தது பொய்யில்லை என்று அவள் பத்து நாளாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் நீர்ச் சுழற்சி வரையும்போது அந்தப் பொய் சுண்ணாம்புத் தூள்போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் வகுப்பில் நீலப் பேனாவை அழகுநாச்சியிடம் கேட்டு வாங்கி, தன் வீட்டின் மேல் தானே புள்ளி வைத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்குக் கைதட்டியதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் பிள்ளைகள்மேல் இல்லை. கண்மாயை விற்றவர்கள், விற்றதற்கு முத்திரை குத்தியவர்கள், அதன்மேல் பள்ளிக்கூடம் கட்டி அதற்குள் அவளை உட்காரவைத்து 'நீர்நிலைகளை நேசிக்கக் கற்றுக்கொடு' என்று தாள் அனுப்பியவர்கள், அவர்களிடம் மாதத் தவணையில் ஏமாந்த தான், எல்லோர்மேலும்.

வரைபடம் வராந்தாச் சுவரில் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் வசந்தரூபன் வந்தார். முதல் முறை வந்தபோது பிள்ளைகள் மீன் பிடிப்பதை வீடியோ எடுத்து, "மாநில அளவுல நம்ம பள்ளிதான் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனவர். இந்த முறை வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது யார் போடச் சொன்னது?"

"உங்க தாள்ல ஏழாவது கேள்வி சார்."

"கேள்வி இருக்கும். பதில் இவ்வளவு விரிவா எழுதணும்னு யார் சொன்னா?" குரலைத் தாழ்த்தினார். "மரபு வேற, சர்வே வேற. பிள்ளைங்களுக்கு விழிப்புணர்வு வரணும், அவ்வளவுதான். வந்துட்டா நிறுத்திக்கணும்."

"வந்ததும் அவங்க என்ன செய்யணும் சார்?"

"போஸ்டர் வரையலாம். உறுதிமொழி எடுக்கலாம்." அவர் விரல் ரோஜா நகரில் வந்து நின்றது. "இது உங்க வீடுதானே? இதை நாளைக்கு ஒருத்தன் போட்டோ எடுத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனா முதல்ல எது போகும்னு நினைக்கிறீங்க? பஸ் ஸ்டாண்டா?"

வரைபடத்தை அவரே பொறுமையாக, மூலை கிழியாமல் உரித்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டார். விழாவில் பிள்ளைகள் தெர்மாகோல் மீன்களோடு ஐந்து நிமிடம் நடனமாடினால் போதும், உண்மையான ஊத்தா மேடைப் பக்கம் வரக்கூடாது, நாலு மணி மீனும் இன்றோடு நிறுத்தம் என்று எழுத்தில் கொடுத்தார். தலைமையாசிரியர் கையெழுத்திட்டுக் கைக்குட்டையைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். அன்று வாசலில் காத்திருந்த பெண்கள் ஐந்தரை மணிவரை நின்றுவிட்டு வெறும் ஊத்தாவோடு போனார்கள். பூட்டாத கேட்டைத் தாண்டி ஒருத்திகூட உள்ளே கால் வைக்கவில்லை.

வீட்டில் முத்தழகு, "அவர் சொன்னது சரிதானே பூரணி?" என்றான். "ஊருக்குள்ள எத்தனை பேர் கட்டியிருக்கான். நம்ம வீட்டை நாமளே காட்டிக் கொடுக்கணுமா?"

"நம்ம வீட்டை நான் காட்டலைங்க. மீன் காட்டுது."

"மீனுக்கு லோன் இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பன்னிரண்டு ஏக்கராவது மிஞ்சட்டும்," என்றாள். "அதையும் மூடிட்டா அப்புறம் நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?"

"புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லிக் கொடு. எல்லாரும் அதைத்தானே செய்றாங்க," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

விழா நாளில் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்கு இடப்பக்கம் அடிக்கல், அதன்மேல் வெள்ளைத் திரை. அழைப்பிதழில் யாரோ பழக்கத்தில் 'மீன்பிடித் திருவிழா' என்று அச்சிட்டுவிட்டதால் வேம்பணி மொத்தமும் வந்திருந்தது. சுற்றுப்பட்டுப் பதினெட்டு ஊரிலிருந்தும் மினி லாரியிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஊத்தா. போட்டிருந்த நாற்காலிகளில் ஒருவரும் உட்காரவில்லை. போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, அதுதான் கரை என்பதுபோல, மூன்று வரிசை ஆழத்துக்குச் சுற்றி நின்றார்கள். கயிறு லேசாகத்தான் கட்டியிருந்தது. இரண்டே காவலர்கள். ஆனாலும் ஒருவர் கால்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. வந்திருந்த முக்கியஸ்தர், "எவ்வளவு ஒழுக்கமான மக்கள்," என்று வசந்தரூபனிடம் சொன்னார். மக்கள் அவரைப் பார்க்கவில்லை. மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சேதுராசுவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு இருந்தது.

தெர்மாகோல் மீன்கள் ஆடி முடித்தன. நீர்நிலைகளைப் போற்றுவது நம் முன்னோர் நமக்குத் தந்த கொடை என்று முக்கியஸ்தர் பேசினார். அந்த மரபின் வழியில்தான் இன்று இந்தப் பேருந்து நிலையம் எழுகிறது என்று பேசினார். கூட்டம் அசையாமல் நின்றது. சேதுராசுவுக்கு வியர்த்தது. கழுத்து வழியாக வியர்வை இறங்கி ஓடியது. துடைக்கக் கை துண்டுவரை போனது. துண்டை எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அவர் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் எடுத்ததுதான். கை திரும்பி மடிக்கு வந்தது. வியர்வை கண்ணில் இறங்க இறங்க அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வீசுங்கப்பா," என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது, கெஞ்சலாகவும் இல்லை, அதட்டலாகவும் இல்லை. "கை வலிக்குதா?"

சிலர் சிரித்தார்கள். சேதுராசு தலை குனிந்துகொண்டார். தலைமையாசிரியரின் கை சட்டைப் பையில் இருந்தது, வெளியே வரவில்லை. அடிக்கல் திறக்க எல்லோரும் எழுந்தார்கள். திரையின் கயிற்றை ஒரு தட்டில் வைத்து நீட்டுவதற்காகப் பூரணவல்லியை நிறுத்தியிருந்தார்கள். அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு மூன்றாவது விதி ஞாபகம் வந்தது. அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவிலான இடம் ஞாபகம் வந்தது. முத்தழகு கயிற்றுக்கு வெளியே எங்கோ நிற்கிறான் என்பதும் தெரியும், அவள் தேடவில்லை. திரையை ஒரே இழுப்பில் உருவினாள், மேடைப் படியில் ஏறினாள், தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி வீசினாள்.

ஊர் இறங்கியது.

கயிறு எங்கே போனது என்று பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. பல நூறு ஊத்தாக்கள் ஒன்றாகத் தரையில் விழுந்த சத்தம் முதல் மழையின் சத்தம்போல இருந்தது. நாற்காலிகளுக்கு நடுவில் விழுந்தன, சிவப்புக் கம்பளத்தில் விழுந்தன, தார் ரோட்டில், கார்களுக்கு அடியில், ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் விழுந்தன. விழுந்த இடமெல்லாம் மீன் இருந்தது. ஒரு கிழவர் மேடைக்கு அடியில் தவழ்ந்துபோய் முக்கியஸ்தரின் நாற்காலிக்கு நேர் கீழே குத்தி, பலகை இடுக்கு வழியாக ஒரு கெண்டையை மேலே நீட்டிக் காட்டினார். அடிக்கல்லுக்காகத் தோண்டிய குழி விளிம்புவரை நிரம்பி, கல் அதில் முழுகிப்போனது, செதுக்கியிருந்த பெயர்களின்மேல் அயிரைகள் மேய்ந்தன. முக்கியஸ்தர் ஒரு கையில் ஒரு ஷூவோடு காருக்குப் போனார். வசந்தரூபன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், ஏன் எடுக்கிறோம் என்று தெரியாமலேயே. பூரணவல்லி மட்டும் மேல்படியில் நின்றாள். தண்ணீர் நாலாவது படிவரை வந்தது, அவள் பாதத்தைத் தொடவில்லை.

'மரபும் பசுமையும் விழாவில் மக்கள் பெருந்திரளாகப் பங்கேற்பு, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அதிகரிப்பு' என்று மறுநாள் செய்தி வந்தது. பேருந்து நிலையத்தை வேறு ஊருக்கு மாற்றியதாகச் சின்ன எழுத்தில், வேறு பக்கத்தில் வந்தது. பன்னிரண்டு ஏக்கர் மிஞ்சியது.

அதற்கு அடுத்த வாரம் நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான நோட்டீஸ் வந்தது. வேம்பணி முழுவதற்கும் ஒரே ஒரு நோட்டீஸ். அது ரோஜா நகர் மூன்றாவது தெருவில், பூரணவல்லியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஆதாரம் என்ற இடத்தில், 'வீட்டு உரிமையாளர் தன் கையாலேயே குறித்த வரைபடம், நீலப் புள்ளி' என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்கு இல்லை, எதிர் வீட்டுக்கு இல்லை. பெட்ரோல் பங்குக்கு இல்லை, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இல்லை, மண்டபத்துக்கு இல்லை.

முத்தழகு அதை இரண்டு முறை படித்தான். அவள் அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் உள்ளே போய், கடப்பாரையோடு வந்தான்.

"அவனுங்க வந்து ஜேசிபியால இடிச்சா அந்த விராலுக்கு அடிபடும்ல," என்றான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் என்ன, ஊத்தா குத்தத் தெரியாதவனா? நீ பரண்ல வச்ச ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்."

சமையலறையை அவர்களே உடைத்தார்கள். டைல்ஸைப் பெயர்த்ததும் தண்ணீர் தயாராக நின்றது. விரால் ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்துவிட்டு, செங்குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாசல் வழியாகத் தெருவின் அடியில் இறங்கி, பன்னிரண்டு ஏக்கரைப் பார்த்துப் போனது. பத்தடிக்கு எட்டடி. நூற்றெண்பது ஏக்கரில் கண்மாய்க்குத் திரும்பக் கிடைத்த முதல் துண்டு அதுதான். முன் அறையில் அடுப்பை மாற்றி வைத்துக்கொண்டு, மிச்ச வீட்டை இடிக்க வருகிறவர்களுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை, அதிகாரிகளின் அவசரம் அந்தக் காகிதத்தோடு முடிந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை பூரணவல்லி அந்த நோட்டீஸை வகுப்புக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். பிள்ளைகள் கேட்டார்கள். அழகுநாச்சி, "டீச்சர், எங்க வீட்லயும் நீலந்தான். எங்களுக்கு ஏன் வரலை?" என்றாள்.

"அது பாடத்துல இல்லை," என்றாள் பூரணவல்லி. பிறகு, "எல்லாரும் ஊத்தாவை எடுங்க," என்றாள்.

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு இருபத்தேழு பேரும் வரிசையாக ரோட்டில் நடந்தார்கள். போகப் போக வீடுகளிலிருந்து பெண்கள் கோழிக்குஞ்சுகளைத் திறந்துவிட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள், சோலைமணி அக்கா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கல்யாண மண்டபத்தின் வாசலில் போய் நின்றார்கள். கோஷம் போடவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது, உள்ளே கால் வைக்கவில்லை. சத்தமில்லாத சத்தம் கேட்டுச் சேதுராசு வெளியே வந்தார். படியில் நின்று அவ்வளவு பேரையும் பார்த்தார். அவர் பார்த்தது முகங்களை இல்லை. யார் தோளில் வெள்ளைத் துணி இருக்கிறது என்று தேடினார், முன் வரிசையில் இல்லை, நடுவில் இல்லை.

கடைசி வரிசையில், அடிக்கல் திரையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் செருப்போடு, ஈரம் படாத மேட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.